கதை இருக்கிறது, திரைக்கதை வரவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

“மனத்தில் முழுக் கதையும் இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் சம்பவங்களின் பட்டியலாகத்தான் வருகிறது. மூன்று அங்க அமைப்பைக் கற்றுக்கொண்டால் போதுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. 1979-இல் வெளியான, அமெரிக்கரான சிட் ஃபீல்டின் ‘ஸ்கிரீன்ப்ளே’ என்ற திரைக்கதைக் கையேடு, கதையைத் தொடக்கம், மோதல், தீர்வு என மூன்றாகப் பிரிக்கும் அந்த அமைப்பைப் பரவலாக்கியது. சுமார் 120 பக்கப் பிரதியில் தொடக்கத்துக்கு 30 பக்கம், மோதலுக்கு 60, தீர்வுக்கு 30. ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். எழுதி முடித்த பிரதியைச் சரிபார்க்க இந்தக் கணக்கு நன்றாக உதவும். ஆனால் முப்பதாம் பக்கத்தை ஒட்டி ஒரு திருப்பம் வேண்டும் என்று தெரிவதால், அது என்ன திருப்பம் என்று தெரிந்துவிடாது.

நான் முதலில் தீர்மானிப்பது வேறொன்றை: எந்தச் செய்தி பார்வையாளருக்கு எப்போது தெரியவேண்டும், அந்த நேரத்தில் அது கதாபாத்திரங்களில் யாருக்குத் தெரிந்திருக்கும்?

ஓர் எளிய கதையை எடுத்துக்கொள்வோம். கடன் நெருக்கடியில் இருக்கும் தம்பி, பூர்வீக வீட்டை விற்பதாகச் சொல்லி ரகசியமாக முன்பணம் வாங்கிவிடுகிறான். அது தெரியாத அண்ணன் தன் சேமிப்பைப் போட்டு அதே வீட்டைப் புதுப்பிக்கிறார். தம்பி பணம் வாங்குவதை முதல் காட்சியாக வையுங்கள். அதன் பிறகு அண்ணன் சுவருக்கு வண்ணம் தேர்ந்தெடுப்பதுகூட நம்மைப் பதறவைக்கும்; ஒரு வசனமும் கூடுதலாகத் தேவையில்லை. அண்ணன் அறியும்போதுதான் நாமும் அறிகிறோம் என்றால் கிடைப்பது அதிர்ச்சி. அது வலுவானதுதான், ஆனால் அந்தக் காட்சியோடு தீர்ந்துவிடும். அதுவரை படத்தைத் தாங்க வேறு ஏதாவது வேண்டும். அண்ணனுக்கு எல்லாம் முன்பே தெரியும், தெரியாதவர்போல இருந்தார் என்பதைக் கடைசியில் வெளிப்படுத்தினாலோ, அதுவரை தம்பியின் படமாக இருந்தது அண்ணனின் படமாகிவிடும். சம்பவங்கள் ஏறக்குறைய அவையேதான்; கிடைப்பவை மூன்று படங்கள்.

மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டைப் பற்றி, பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் த்ரில்லர் படங்களுக்குப் பெயர்பெற்ற இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன விளக்கமும் இதுவே. குண்டு திடீரென வெடித்தால் பதினைந்து விநாடி வியப்பு. அங்கே குண்டு இருப்பதைப் பார்வையாளர் முன்பே அறிந்திருந்தால் பதினைந்து நிமிடப் பதற்றம். முதல் திரைக்கதை எழுதுபவருக்கு நான் பதற்றத்தையே பரிந்துரைப்பேன். ரகசியத்தைக் கடைசிவரை ஒளித்துவைக்கும் ஆசையில் நடுப்பகுதியை வெறுமையாக விட்டுவிடும் பிரதிகளே அதிகம்.

எதை எப்போது வெளிப்படுத்துவது என்ற வரிசை முடிவானதும் காட்சிகளுக்கு வாருங்கள். காட்சியில் ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டும், அதற்கு ஒரு தடை இருக்கவேண்டும், காட்சி முடியும்போது நிலைமை மாறியிருக்கவேண்டும். மாறவில்லையென்றால், வசனம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள்.

எழுதும்போது கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதை மட்டும் நிகழ்காலத்தில் எழுதுங்கள். “தம்பி குற்ற உணர்வில் தவிக்கிறான்” என்பதைக் கேமராவால் படம்பிடிக்க முடியாது. அண்ணன் நீட்டும் பெயின்ட் பிரஷை அவன் வாங்காமல் நிற்பதைப் பிடிக்க முடியும்.

பயிற்சிக்கு, நீங்கள் நன்கு அறிந்த ஒரு படத்தை மீண்டும் பாருங்கள். காட்சிக்கு ஓர் அட்டை. அதில் இரண்டு வரி மட்டும்: இங்கே நமக்குப் புதிதாகத் தெரியவந்தது என்ன, அது இன்னும் யாருக்குத் தெரியாது. பிறகு உங்கள் கதைக்கும் அதே அட்டைகளை எழுதி, வரிசையை மாற்றி மாற்றி அடுக்கிப் பாருங்கள்.