கேளுங்கள், சொல்கிறேன்: கொட்டகைக்குப் பின்னால் வெள்ளைப்பூச் செடி

கேள்வி: அண்ணே, ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உலாம் ராஜா கீரை மாதிரி இலையுள்ள ஒரு செடி மண்டிக் கிடக்கிறது. சின்னச் சின்ன வெள்ளைப்பூ. புல் வெட்டும் மெஷினால் வெட்டினேன், கையெல்லாம் அரிப்பு. ஆட்டுப்பாலும் கசக்கிறது. மருந்து அடித்துவிடலாமா?
(வாசகி, ஊத்தான் மெலிந்தாங்)

பதில்: தங்கச்சி, முதலில் அந்த மெஷினை உள்ளே வையுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பார்த்தீனியம்தான். மலாயில் ரும்பாய் மியாங் மெக்சிகோ என்பார்கள். மெக்சிகோ பக்கத்துச் செடி. நம் மலேசியாவில் 2013-இல் சிலாங்கூர் பத்தாங் காலியில் கண்டுபிடித்தார்கள்.

உலாம் ராஜா இலையைக் கசக்கினால் மாங்காய் வாசம் வரும், பூவும் இளஞ்சிவப்பு. இதில் அந்த வாசம் கிடையாது. தண்டில் நெடுக வரிவரியாய்ப் பள்ளம், மேலே மெல்லிய சுணை. பூ மூக்குத்திக் கல் அளவுதான். உற்றுப் பார்த்தால் ஓரத்தில் ஐந்து மூலை தெரியும். இளஞ்செடி தரையோடு தட்டையாய் விரிந்து கிடக்கும்.

வெட்டினால் அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும், விதையும் சிதறும். ஒரு செடியே 10,000 விதைக்கு மேல் போடும். அதனால் மழை பெய்து மண் இளகியதும், பூப்பதற்கு முன்னால், வேரோடு பிடுங்குங்கள். கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் கட்டாயம். ஏற்கெனவே பூத்திருந்தால், முதலில் செடிமேல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டிவிட்டுப் பிடுங்குங்கள். எருக்குழியில் போடாதீர்கள். மாவட்ட விவசாய இலாகாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மருந்து? தோட்டத்தில் மருந்துத் தோம்பு தூக்கியவன் சொல்கிறேன், உங்கள் இடத்துக்கு வேண்டாம். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இளஞ்செடியில் கேட்கும். பூத்ததில் அவ்வளவாகக் கேட்காது. கூடவே நல்ல புல்லும் செத்து மண் மொட்டையாகிவிடும். மொட்டை மண்ணில்தான் இந்தச் செடிக்குக் கொண்டாட்டம். (பழைய பாராகுவாட் களைக்கொல்லி இருக்கிறது என்று யாராவது நீட்டினால் வாசலோடு அனுப்புங்கள், 2020-இலேயே தடை வந்தாயிற்று.) பிடுங்கிய இடத்தில் உடனே நேப்பியர் புல் நடுங்கள். அது ஓங்கி நிழல் கட்டினால் பார்த்தீனியம் தலையெடுக்கத் திணறும், ஆட்டுக்கும் தீனி ஆச்சு. ஆனாலும் மண்ணில் கிடக்கும் விதை வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஒவ்வொரு மழைக்கும் அப்புறம் ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

பால் கசப்பதும் ஆடு இதை மேய்ந்ததால்தான் இருக்கும். அந்தப் பக்கம் அவிழ்த்துவிடாதீர்கள், கசப்பு போகும்வரை பிள்ளைகளுக்கு அந்தப் பால் வேண்டாம். அரிப்பு அடங்கவில்லை என்றால் கிளினிக்குக்குப் போய்விடுங்கள். அப்புறம், அடையாளம் காட்டுகிறேன் என்று செடியை உறையில் போட்டு இங்கே அனுப்பிவிடாதீர்கள் தங்கச்சி, போட்டோ போதும்.