வலியை ஆராய்வதிலேயே ஒரு விஞ்ஞானி தன் வாழ்நாளைச் செலவிட முடியுமா?

முடியும். அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் செலவிட்டிருக்கிறார். அவரைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது என் அம்மாவால்தான். அக்கிக் கொப்புளங்கள் ஆறிப் பல மாதங்கள் ஆன பிறகும் அம்மாவின் விலாவில் எரிச்சல் அடங்கவில்லை. துணி உரசினாலே துடித்துப்போவார். "தோல் ஆறிவிட்டதே, இன்னும் என்ன எரிச்சல்?" என்று பார்க்க வந்தவர்கள் கேட்கும்போது கூனிக் குறுகிவிடுவார்.

ஜூலியஸ் எடுத்துக்கொண்ட கேள்வி ஒரு குழந்தை கேட்கக்கூடியது: மிளகாய் பட்டால் ஏன் எரிகிறது? அதிலுள்ள கேப்சைசின் வலி நரம்புகளைத் தூண்டுகிறது என்பது முன்பே தெரியும். நரம்பில் எதைப் பற்றிக்கொண்டு தூண்டுகிறது என்பதுதான் புதிர். சான் பிரான்சிஸ்கோவில் அவருடைய குழு, உணர்வு நரம்புகளில் இயங்கும் மரபணுக்களின் டிஎன்ஏ துண்டுகளை லட்சக்கணக்கில் திரட்டியது. கேப்சைசினைச் சட்டையே செய்யாத செல்களுக்குள் அவற்றைத் தொகுதி தொகுதியாகச் செலுத்தி, எந்தச் செல் விழித்துக்கொள்கிறது என்று காத்திருந்தது. மைக்கேல் கேட்டரினா என்ற இளம் ஆய்வாளர் அந்தத் தேடலில் முன்னின்றார். கடைசியில் ஒரே ஒரு மரபணு சிக்கியது. 1997இல் முடிவு வெளியானது. அந்த மரபணு உருவாக்கும் டிஆர்பிவி1 என்ற புரதம், நரம்புச் செல்லின் சவ்வில் பதிந்த ஒரு கதவு. கேப்சைசின் பட்டதும் அது திறக்க, வலிச் செய்தி கிளம்புகிறது. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்துக்கும் அதே கதவுதான் திறக்கிறது! மிளகாய்க்கும் நெருப்புக்கும் "எரிகிறது" என்று நாம் ஒரே சொல்லைச் சொல்கிறோமே, நரம்பும் அப்படித்தான் சொல்கிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கதவின் நுண்வடிவத்தைச் சக விஞ்ஞானி யிஃபான் செங்குடன் சேர்ந்து ஜூலியஸ் வெளியிட்டது 2013இல். இடையில் பதினாறு ஆண்டுகள். 2021இல், தொடுவுணர்வை ஆராய்ந்த ஆர்டெம் படாபூட்டியனோடு நோபல் பரிசு.

இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் பரிசைவிட ஒரு தோல்வியைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பேன். கதவை அடைத்துவிட்டால் வலி தீரும் என்று நம்பி மருந்துகள் செய்தார்கள். சோதனையில் சிலருக்கு உடல் வெப்பம் ஏறியது. சுடுவது சுடுவதாகத் தெரியாமலும் போனது. காவல் காக்கும் கதவையல்லவா அடைத்துவிட்டார்கள்! அதன்பின் நேரெதிர் வழியே ஓரளவு கைகொடுத்தது: 8 சதவீதக் கேப்சைசின் பட்டையைத் தோலில் ஒட்டி, அந்த நரம்பு நுனிகளை அளவுக்கு மீறித் தூண்டி, சில மாதங்களுக்கு ஓயச் செய்வது. அக்கிக்குப் பிந்தைய வலிக்கு இது இன்று பயன்பாட்டில் இருக்கிறது.

தோல் ஆறினாலும் சேதமடைந்த நரம்பு தானாகவே வலிச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும் என்று அம்மாவுக்கு விளக்கினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், "அப்படியானால் எரிகிறது என்று நான் சொன்னது நிஜம்தானே?" என்று கேட்டார்.