மீட்டர் 7 காட்டியது, கை நடுங்கியது

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இனிப்பு நீர் மீட்டரைப் பற்றித்தான், அதாவது ரத்தத்தில் சீனி எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்கும் கருவி. அதனால் சலவை இயந்திரக் கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: மாமியார் இன்சுலின் போடுபவர். போன மாதம் ஒரு ராத்திரி வேர்த்து ஊற்றியது, கை நடுங்கியது, சம்பந்தமில்லாமல் பேசினார். மீட்டரில் 7.2 இருந்ததால் படுக்க வைத்துவிட்டோம். பிறகு பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அங்கே 2.6. மீட்டரைப் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 45 வெள்ளிக்கு வாங்கினோம், ரசீது இல்லை. (குடும்பத் தலைவி, செம்பனைத் தோட்டம்)

பதில்: அம்மா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. எண்ணை நம்பச் சொல்லித்தானே மீட்டரை விற்கிறார்கள். ஆனால் இனிமேல் இப்படிச் செய்யுங்கள். வேர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பார்வை மங்கல், குழறல், காரணமில்லாத கோபம், இவை ரத்தத்தில் சீனி ரொம்ப இறங்கியதற்கு அடையாளம், இதில் எது வந்தாலும், மீட்டர் என்ன சொன்னாலும், முதலில் சீனி கொடுங்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், இன்னும் 4-க்குக் கீழே என்றாலோ நடுக்கம் நிற்கவில்லை என்றாலோ இன்னொரு முறை கொடுங்கள், தெளிந்ததும் ரொட்டியோ சோறோ கொஞ்சம் சாப்பிட வையுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999-க்கு அழையுங்கள். உண்மையில் 7 இருக்கும்போது ஒரு தடவை சீனித் தண்ணீர் குடித்தால் கொஞ்ச நேரம் ஏறி இறங்கும், அவ்வளவுதான். 2.6-இல் சீனி கொடுக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

பணத்துக்கு வருவோம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை, மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடலாம், வக்கீல் தேவையில்லை. உடம்புக்கு வந்த பாதிப்புக்கு அங்கே கேட்க முடியாது, பொருளுக்குக் கொடுத்த பணத்தைக் கேட்கலாம். ஆனால் யார் மேல் போடுவது என்று தெரிய வேண்டுமே, பசார் மாலாமில் அதுதான் சிக்கல். கடைக்காரர் மறுபடி வந்தால் கடைப் பெயரையும் வண்டி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 2012-ஆம் வருஷச் சட்டப்படி மருத்துவக் கருவிகள் மருத்துவக் கருவி வாரியத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு உண்டா என்று வாரியத்தின் இணையப் பக்கத்தில் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் அங்கேயே புகார் கொடுங்கள். அந்த மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி.

கேள்வி: மீட்டரில் செருகி ரத்தச் சொட்டு விடும் ஸ்ட்ரிப், ஆன்லைனில் 100 ஸ்ட்ரிப் 30 வெள்ளி. தேதி முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறதாம். வாங்கலாமா அக்கா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: ஒரே விரலில் ஐந்து நிமிட இடைவெளியில் 6.1, அப்புறம் 6.8. மீட்டர் கோளாறுதானே? பார்மசியில் மாற்றித் தர மறுக்கிறார்கள்.

பதில்: கோளாறு இல்லை, பார்மசி சொல்வது சரி. மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 15197 என்ற 2013-ஆம் வருஷ உலகத் தரப்படி, 5.55-க்குக் கீழே என்றால் 0.83 வரையும் அதற்கு மேல் என்றால் 15 விழுக்காடு வரையும் முன்னே பின்னே இருக்கலாம். 100 முறை பார்த்தால் 95 முறை இந்த எல்லைக்குள் நின்றால் போதும். ரத்தத்தில் உண்மையாக 6.5 இருந்தால் 5.5 முதல் 7.5 வரை எது வந்தாலும் கருவி தேறிவிட்டது என்றுதான் அர்த்தம். அடுத்த முறை கிளினிக்கில் ரத்தம் எடுக்கும்போது மீட்டரையும் கொண்டுபோய், சாப்பிடுவதற்கு முன்பே, அதே நேரத்தில் விரலிலும் குத்திப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு பெட்டி ஸ்ட்ரிப் வாங்கினால் மீட்டர் இலவசம் என்கிறார்கள். லாபமா? (ரப்பர் தோட்ட ஓய்வூதியர்)

பதில்: ஐயா, இதைப் பற்றி எழுத நான் ரொம்ப நாளாகக் காத்திருந்தேன். மீட்டரை ஒரு தடவைதான் வாங்குகிறோம், ஸ்ட்ரிப்பை வாழ்நாள் முழுக்க வாங்குகிறோம், ஒரு மீட்டரின் ஸ்ட்ரிப் இன்னொன்றில் நுழையாது. அதனால் இலவசம் என்ற அந்தக் கருவி வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அவர்கள் சொல்வதுதான் விலை. எட்டு வருஷத்துக்கு முன் என் அம்மாவுக்கு இப்படித்தான் ஒன்று வாங்கினேன். ஒன்றரை வருஷத்தில் அந்த ஸ்ட்ரிப் இந்த ஊர் பார்மசிகளில் இல்லாமல் போனது. புது மீட்டருக்கு மனம் வராமல் ஆன்லைனில் ஒருவரிடம் ஏற்கெனவே திறந்த புட்டி வாங்கினேன், தபாலில் எத்தனை நாள் வெயிலில் கிடந்ததோ. ஒரு மத்தியானம் அம்மாவுக்கு 8.4 காட்டியது, நெற்றியெல்லாம் வேர்வை, கிளினிக்கில் 3.3. ஸ்ட்ரிப்பில் இருப்பது நொதி, சூடும் ஈரக்காற்றும் பட்டால் அது கெடும், மூடியைச் சரியாக மூடாத புட்டி நம் ஊர் மழையில் எத்தனை நாள் தாங்கும்? பெரும்பாலான ஸ்ட்ரிப்களை 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லிப் புட்டியிலேயே போட்டிருக்கும், காருக்குள் வைக்கவே வைக்காதீர்கள். திறந்த தேதியைப் புட்டி மேல் எழுதுங்கள், பல ஸ்ட்ரிப்களுக்குத் திறந்த பின் மூன்று முதல் ஆறு மாதம்தான் ஆயுள். வாங்குமுன் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள்: 50 ஸ்ட்ரிப் என்ன விலை, எப்போதும் கிடைக்குமா, சோதனைத் திரவம் விற்கிறீர்களா? அந்தத் திரவத்தை ஸ்ட்ரிப்பில் விட்டால் புட்டியில் போட்டிருக்கும் எல்லைக்குள் எண் வர வேண்டும். சோதனைத் திரவமா, அது என்ன என்று கேட்கிற கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: ஊசி குத்தாமல் சீனி பார்க்கும் கைக்கடிகாரம், 189 வெள்ளி?

பதில்: 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ., தோலைத் துளைக்காமல் சீனி அளக்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் தான் அனுமதி தரவில்லை என்று எச்சரித்தது. காசைக் கையில் வைத்திருங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து சித்தப்பா மீட்டர் கொண்டுவந்தார். அப்பாவுக்குப் பார்த்தால் 95! பயந்துபோய் இனிப்பு நீர் மாத்திரை க்ளிக்லசைட் இரண்டு சேர்த்துக் கொடுத்தோம். மதியம் மயக்கமாக இருந்தார். மீட்டர் கம்பெனி மேல் கேஸ் போடலாமா?

பதில்: யார் மேல் போடுவீர்கள் தம்பி? அங்கே மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல். 18-ஆல் வகுத்தால் 95 என்பது 5.3, அப்பாவுக்கு நன்றாகவே இருந்திருக்கிறது. திரையில் எண்ணுக்குப் பக்கத்திலேயே எந்தக் கணக்கு என்று போட்டிருக்கும், அதைப் பார்க்கவில்லை. கிளினிக்கைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டியிருக்கிறீர்கள், அது அதைவிடப் பெரிய தப்பு. க்ளிக்லசைட் சீனியைக் கீழே இழுக்கிற மாத்திரை, அதன் வேலை பல மணி நேரம் நீடிக்கும், ஒரு தடவை தெளிந்தவருக்கு மறுபடியும் இறங்கலாம். இன்னொரு தடவை இப்படி நடந்தால் கடிதம் எழுதாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்பா இதயத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். அது நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், பெரும்பாலும் வேர்வை மட்டும்தான் தெரியும்.

கேள்வி: காலையில் 5.8. பேரனுக்கு ரம்புத்தான் உரித்துக் கொடுத்துவிட்டுப் பார்த்தால் 14. நான் ஒன்றுகூடச் சாப்பிடவில்லை, சத்தியமாக. மகள் நம்ப மாட்டேன் என்கிறாள்.

பதில்: நான் நம்புகிறேன் பாட்டி. விரலில் ஒட்டிய பழச்சாறுதான் அந்த 14. ஆல்கஹால் பஞ்சால் துடைத்தால் போதாது, சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.