பட்டி பூசிய படகும் பட்டறை வாடகையும்

கேள்வி: சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வசிக்கிறேன். 16 அடி நீளமுள்ள பழைய ஃபைபர்கிளாஸ் கேட்டமரான் (இரட்டை உடல்) பாய்மரப் படகு ஒன்றைப் பொழுதுபோக்குக்காக வாங்கினேன். முன்பக்கத் தளம் மிதித்தால் அமுங்கியது. ஒரு படகுப் பட்டறையில் 60,000 ரூபாய்க்குச் சரிசெய்து தருவதாகச் சொன்னார்கள். 40,000 கொடுத்துப் படகை எடுத்து வந்தேன். கடலில் இறக்கிய அரை மணி நேரத்தில் இடப்பக்க ஹல்லுக்குள் (மிதக்கும் உடல் பகுதி) தண்ணீர் ஏறிவிட்டது. திரும்பக் கொண்டுபோய் விட்டேன். இப்போது பாக்கி 20,000-உம், நிறுத்தி வைத்ததற்கு நாளொன்றுக்கு 300 வாடகையும் கொடுத்தால்தான் படகு என்கிறார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த வாடகையை மறந்துவிடுங்கள். அது நீங்கள் கொடுக்க வேண்டிய பணம் அல்ல.

கையால் வேலை செய்து கொடுத்தவர், கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கலாம் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170 சொல்கிறது. பட்டறைக்காரர் இதைத்தான் நம்பியிருப்பார். ஆனால் அந்த உரிமை செய்த வேலையின் கூலிக்கு மட்டுமே; அந்த வேலையும் ஒப்படைத்த நோக்கத்துக்கு ஏற்றபடி நடந்திருக்க வேண்டும். கடலில் ஓட்டுவதற்காகச் சரிசெய்யக் கொடுத்த படகில் தண்ணீர் ஏறினால், நோக்கம் நிறைவேறியது என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று, பொருளைக் கையைவிட்டுக் கொடுத்தவுடன் இந்த உரிமை போய்விடுகிறது. குளிர்பதனப் பெட்டி பழுது பற்றிய ஒரு பழைய வழக்கில் நாக்பூர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. உங்கள் படகை ஒருமுறை ஒப்படைத்துவிட்டார்கள். மறுபடி பழுதுக்கு வந்ததைச் சாக்கிட்டுப் பழைய பாக்கிக்காகப் பிடித்து வைக்க முடியாது.

வாடகை விஷயத்தில் 1860-இல் இங்கிலாந்து பிரபுக்கள் சபை தீர்ப்பு ஒன்று இருக்கிறது. பழுதுபார்த்த கப்பலைக் கூலிக்காகப் பிடித்து வைத்துவிட்டு, துறையில் நின்ற நாட்களுக்கும் கட்டணம் கேட்டார் பழுதுபார்த்த பட்டறையின் உரிமையாளர். தன் நலனுக்காகப் பிடித்து வைத்தவர் அதற்குக் காசு கேட்க முடியாது என்று முடிந்தது. இங்கே அது கட்டாய முன்னுதாரணம் அல்ல, ஆனாலும் வாதத்துக்கு நல்ல பலம்.

அதற்காகப் பூட்டை உடைத்துப் படகை எடுத்து வராதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது குற்றப் புகாரை நீங்களே வரவழைக்க வேண்டாம்.

சரி, உங்கள் வழக்கின் உயிர் ஆதாரத்தில் இருக்கிறது. இந்த வகைப் படகுகளில் பலவற்றுக்கு ஃபைபருக்கு நடுவே நுரை இருக்கும். அந்த அடுக்குகள் பிரிந்துவிட்டால் தளம் அமுங்கும். பழுதான இடத்தைத் தேய்த்து, ஈரத்தை உலர்த்தி, கண்ணாடி இழை விரிப்பை ரெசின் பசையோடு மறுபடி படிய வைக்க வேண்டும். பலர் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து விடுவார்கள். பார்வைக்குப் புதிது, உள்ளே அதே பிரிவு. ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் 'டிக் டிக்' என்று கூர்மையாகக் கேட்கும், பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாகும். இதைத் தேதியோடு வீடியோ எடுங்கள். பிறகு படகு ஆய்வாளர் ஒருவரிடம் அறிக்கை வாங்குங்கள். 'இலவசமாக மறுபடி செய்து தருகிறோம்' என்று அவர்கள் சொன்னாலும், அறிக்கை கைக்கு வரும்முன் அந்த இடத்தைத் தேய்க்க விடாதீர்கள். தேய்த்துவிட்டால் என்ன செய்தார்கள் என்பதற்கான சாட்சியே போய்விடும்.

எழுத்து ஒப்பந்தம் இல்லாதது பெரிய குறை அல்ல. வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய விவரம் போதும். மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய அதினியம் 2023, பிரிவு 63-இன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும்.

பட்டறைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் கொடுங்கள். பதில் இல்லையென்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே சேவைக் குறைபாடு என்று புகார் கொடுக்கலாம். சொந்த உபயோகத்துக்கான படகு என்பதால் வணிக நோக்கம் என்ற தடை வராது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. காலவரம்பு 2 ஆண்டுகள். புகாரோடு சேர்த்து, படகை விடுவிக்க பிரிவு 38(8)-இன்கீழ் இடைக்கால உத்தரவும் கேளுங்கள். 40,000 திரும்பவும், சரியாகச் செய்ய ஆகும் கூடுதல் செலவு, ஆய்வாளர் கட்டணம், மன உளைச்சல் ஆகியவற்றுக்கும் கேட்கலாம். புதுப் படகின் விலை கிடைக்காது. படகை உங்களுக்கு விற்றவர்மீதும் கோபம் இருக்கலாம், ஆனால் தளம் அமுங்குவது தெரிந்தே வாங்கியிருந்தால் அங்கே வழக்கு நிற்காது.

மழைக்காலம் நெருங்கினால் 20,000-ஐ மட்டும் 'ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்துப் படகை மீட்டுவிடுங்கள். அப்படிக் கொடுத்ததால் உங்கள் புகார் பலவீனமாகாது. பணம் வங்கி வழியாகப் போகட்டும், ரசீதில் வாடகை என்ற சொல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.