தோட்டத்துக்கு பாஸ் விற்பவரிடம் திங்கட்கிழமையைப் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: பென்னாகரத்திலிருந்து எழுதுகிறேன். பிப்ரவரி கடைசி வாரம் டெல்லி போகிறோம். 71 வயதான அம்மா, நான், மனைவி, 16 மற்றும் 12 வயதுப் பிள்ளைகள், மலேசியக் குடியுரிமையும் ஓசிஐ அட்டையும் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) உள்ள அக்கா என 6 பேர். தருமபுரியில் ஒரு டிராவல்ஸ் ஏஜென்ட் போட்டுக் கொடுத்த திட்டம்: ஞாயிறு மதியம் டெல்லி சேர்வது, திங்கள் டெல்லி முழுக்கச் சுற்றுவது, செவ்வாய் ஆக்ரா, புதன் ரயில். குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்துக்கு மட்டும் 'ஸ்பெஷல் பாஸ்' என்று தலைக்கு 600 ரூபாய் தனியாகக் கேட்கிறார். அக்காவுக்கு எல்லா இடத்திலும் வெளிநாட்டவர் கட்டணம் என்கிறார். அம்மாவுக்கு அந்தத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை. பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். தோட்டத்துக்கென்று முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் அதை முதலில் திருப்பி வாங்குங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அந்தத் தோட்டத்தை முகலாயத் தோட்டம் என்ற பெயரில் உங்கள் அம்மா அறிந்திருப்பார். 2023 முதல் அதன் பெயர் அமிர்த உத்யான். பொதுமக்களுக்கு அனுமதி இலவசம். குடியரசுத் தலைவர் மாளிகையின் இணையதளத்தில் பெயரையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்து, நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தால் அனுமதிச்சீட்டு வந்துவிடும். உங்கள் 16 வயதுப் பிள்ளை 10 நிமிடத்தில் முடித்துவிடுவான். அதுவும் முடியாதவர்களுக்கு 35ஆம் எண் வாயிலுக்கு வெளியே பதிவு இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். இதைத் தவிர 'ஸ்பெஷல்' என்று ஒரு பாஸ் கடையில் விற்பனைக்குக் கிடையாது. இலவசச் சீட்டுக்கு உங்களிடம் 3,600 ரூபாய் கேட்கிறார்கள்.

ஏஜென்ட் மடக்கினால் ஒன்றைச் சொல்வார்: "மாளிகைக்குக் கட்டணம் உண்டு, இணையத்திலேயே போட்டிருக்கிறது." உண்மைதான். மாளிகையின் உட்புறத்தையும் அதன் அருங்காட்சியகத்தையும் பார்க்கத் தலைக்கு 50 ரூபாய் பதிவுக் கட்டணம் வாங்குகிறார்கள். தோட்டம் வேறு, அவை வேறு. இரண்டையும் குழப்பித்தான் 600 என்ற எண் பிறக்கிறது. ஒகேனக்கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். பரிசல் துறையில் வெளியூர்க்காரரை யார் யார் சூழ்ந்துகொள்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். டெல்லியில் அந்த வெளியூர்க்காரர் நீங்கள்.

இந்த ஏஜென்ட்களுக்கு இடம் கொடுப்பது அரசாங்கம்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். தோட்டம் பெரும்பாலும் பிப்ரவரி தொடக்கத்தில் திறந்து மார்ச் முடிய இருக்கும். ஆனால் தேதியை அறிவிப்பது ஜனவரியின் கடைசி நாட்களில். ரயில் முன்பதிவோ 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து மக்கள் பெரும்பாலும் சேலத்துக்கோ மொரப்பூருக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் வண்டி ஏற வேண்டும். அப்படிப்பட்டவர்கள் தோட்டம் எப்போது திறக்கும் என்றே தெரியாமல் டிசம்பரில் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது. பூ பூக்கும் மாதம் வருடா வருடம் மாறுவதில்லை. தேதியை நவம்பரிலேயே சொல்வதில் என்ன தடை என்று எனக்கு விளங்கவே இல்லை. அந்த இரண்டு மாத இருட்டில்தான் "எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது" என்பவர் வியாபாரம் செய்கிறார்.

உங்கள் திட்டத்தில் 600 ரூபாயை விடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அது திங்கட்கிழமை. அமிர்த உத்யான் திங்களன்று மூடியிருக்கும். செங்கோட்டையும் மூடியிருக்கும். தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம், தீன்மூர்த்தி வளாகத்தில் உள்ள பிரதமர்கள் அருங்காட்சியகம், காந்தியடிகள் கடைசி நாட்களைக் கழித்த காந்தி ஸ்மிருதி, அக்ஷர்தாம், தாமரைக் கோயில், எதற்கும் திங்களன்று உள்ளே விடமாட்டார்கள். "டெல்லி முழுக்க" என்று உங்களுக்கு எழுதிக் கொடுத்த நாளில் பாதி டெல்லிக்குப் பூட்டுப் போட்டிருக்கும். தெரியாமல் போட்ட திட்டம் என்று நான் நம்பவில்லை. மூடிய நாளில் வேனை நிறுத்தாமல் "இதுதான் செங்கோட்டை" என்று ஜன்னல் வழியாகக் காட்டிவிட்டால் போதும். நுழைவுக் கட்டணம் மிச்சம், நேரம் மிச்சம், மிச்ச நேரத்துக்கு கமிஷன் தரும் கைவினைப் பொருள் கடை.

இந்தத் தொழிலில் நான் உதவியாளாகச் சேர்ந்த புதிதில், ஒரு நிறுவனம் 40 பேரை இப்படித்தான் திங்களன்று செங்கோட்டை வாசலில் இறக்கிவிட்டது. காரிமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் செருப்பைக் கையில் பிடித்தபடி மூடிய கதவைப் பார்த்து நின்றார். "இன்னொரு தடவை எங்கே வரப்போகிறேன்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து யார் திட்டம் காட்டினாலும் நான் முதலில் தேடுவது திங்கட்கிழமையைத்தான்.

சரிசெய்வது எளிது. திங்களையும் செவ்வாயையும் மாற்றிப் போடச் சொல்லுங்கள். தாஜ்மகாலுக்கு விடுமுறை வெள்ளிதான், திங்களன்று திறந்திருக்கும். ஆக்ரா திங்கள், டெல்லி செவ்வாய். கார் ஏற்கெனவே பேசிவிட்டேன் என்று ஏஜென்ட் சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள், அந்தக் காருக்கு எந்த நாளாக இருந்தாலும் ஒன்றுதான். ஞாயிறு மாலைக்கு லோதி தோட்டமும் இந்தியா கேட்டும் அதை ஒட்டிய தேசியப் போர் நினைவுச்சின்னமும் போதும். மூன்றுக்கும் டிக்கெட் இல்லை. குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் எல்லா நாளும் திறந்திருக்கும் என்பதால், புதன் ரயில் மாலையில் என்றால் காலையில் ஒன்றைப் பார்த்துவிடலாம்.

அடுத்து உங்கள் அக்கா. இதை நிதானமாகப் படியுங்கள், கவுண்ட்டரில் இருப்பவர்களே பலமுறை தவறு செய்கிறார்கள். குதுப் மினார் போன்ற தொல்லியல் துறை இடங்களில் இந்தியருக்கு ரொக்கமாக 40 ரூபாய், இணையவழியில் 35. வெளிநாட்டவருக்கு ரொக்கமாக 600, இணையவழியில் 550. ஓசிஐ அட்டை உள்ளவர் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் தேசிய நினைவுச்சின்னங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இந்தியருக்குச் சமமான கட்டணம்தான் கட்ட வேண்டும். இது மத்திய அரசின் அறிவிக்கை, யாரும் போடும் பிச்சை அல்ல. ஆனால் அட்டை கையில் இருக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினால் வாதம் வளரும். அக்கா முதலில் பாஸ்போர்ட்டை நீட்டினால் கவுண்ட்டரில் 600 என்று போட்டுவிடுவார்கள், ஆகவே அட்டையை முதலில் நீட்டட்டும். அட்டை இல்லாத மலேசிய, சிங்கப்பூர்ச் சொந்தங்கள் தமிழ் பேசினாலும் 600 கட்டத்தான் வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் ஓசிஐ இல்லாவிட்டாலும் 40தான், ஏனென்றால் சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவருக்கு இந்தியக் கட்டணம். ஒரே வீட்டுத் திருமணத்துக்கு வந்த இரண்டு சித்தப்பாக்களில் ஒருவருக்கு 40, இன்னொருவருக்கு 600 என்று ஆவது இப்படித்தான். 12 வயதுப் பிள்ளைக்கு இந்த இடங்களில் டிக்கெட் வேண்டாம். 16 வயதுக்கு வேண்டும். ஏஜென்ட் கணக்கில் சின்னவனுக்கும் கட்டணம் போட்டிருந்தால் அடித்துவிடுங்கள்.

புது டெல்லி ரயில் நிலையத்தில் இறங்கியதும் யாராவது பையைத் தொட்டு, "உங்கள் ஹோட்டல் மூடிவிட்டது", "அந்தப் பாதை இன்று அடைப்பு", "அரசு சுற்றுலா அலுவலகம் இந்தப் பக்கம்" என்று சொன்னால் நின்று பதில் சொல்லாதீர்கள். கழுத்தில் அட்டை தொங்கினாலும் நம்ப வேண்டாம். நிலையத்தை ஒட்டியே மெட்ரோ இருக்கிறது. அதன் மஞ்சள் தடத்தில் வண்டி மாறாமல் மத்திய செயலகம் நிலையம் வரை போகலாம். தோட்டம் திறந்திருக்கும் நாட்களில் அங்கிருந்து 35ஆம் எண் வாயிலுக்கு வண்டி விடுகிறார்கள். அம்மாவுக்கு அது பெரிய உதவி, உள்ளே நடை அதிகம்.

செவ்வாய் காலை 10 மணிக்கே நேரம் எடுங்கள். பையில் புளிசாதம் கட்டிக்கொண்டு போக வேண்டாம். உணவுப் பொருள், முதுகுப்பை, கேமரா, குடை எதையும் உள்ளே விடமாட்டார்கள். கைப்பேசி, பர்ஸ், தண்ணீர் பாட்டில் போதும். மதியம் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். எல்லா அறைக்கும் ஓட வேண்டாம். மொகஞ்சதாரோ நடன மங்கை சிலையை மட்டும் தேடிப் பிடியுங்கள், 10.5 சென்டிமீட்டர்தான், கவனிக்காவிட்டால் கடந்துவிடுவீர்கள். பிறகு சோழர் காலச் செப்புத் திருமேனிகள் முன் அம்மாவை உட்கார வையுங்கள்.

தோட்டத்தில் நிற்கும்போது பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1948 முதல் 1950 வரை கவர்னர் ஜெனரலாக அந்த மாளிகையில் இருந்தார். நாட்டில் உணவுத் தட்டுப்பாடு நிலவிய நேரம் அது. மாளிகை வளாகத்து நிலத்தில் ஒரு பகுதியை உழுது கோதுமை பயிரிடச் செய்தார். நம் பக்கத்து மனிதர் ஒருவர் அங்கே ஏர் பூட்ட வைத்தார் என்பதை எந்த வழிகாட்டியும் உங்களுக்குச் சொல்லமாட்டார்.

அம்மாவிடம் ட்யூலிப் பூவைப் பற்றி மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள். அது பிப்ரவரி நடுவில்தான் நன்றாக இருக்கும், கடைசி வாரத்தில் உதிரத் தொடங்கியிருக்கும். ரோஜாப் பாத்திகளில் பூ இருக்கும். அங்கே அவரை அவசரப்படுத்தாதீர்கள்.