பழைய ஸ்னோமொபைல் (பனிமேல் ஓட்டும் வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறேன். ஓட்டும் முன் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பெட்ரோலில் தொடங்குங்கள். டேங்கில் கிடப்பதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டரின் சிறு துளைகளை அடைத்துவிடும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் இது வெறும் ஸ்டார்ட்டிங் தொல்லை இல்லை. பெட்ரோல் போதாமல் ஓடினால் சூடேறி பிஸ்டனே உருகிவிடலாம். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் தயவுசெய்து வேகமெடுக்காதீர்கள்.

எஞ்சின் சக்தியைக் கடத்தும் டிரைவ் பெல்ட்டில் வெடிப்போ பிசிறோ தெரிந்தால் மாற்றுங்கள். நன்றாக இருந்தாலும் இன்னொன்று வண்டியிலேயே இருக்கட்டும். ஆளில்லாத பனிவெளியில் பெல்ட் அறுந்தால் அது உயிர்ப் பிரச்சினை.

செயின்கேஸ், அதாவது வண்டியை ஓட்டும் செயின் இருக்கும் பெட்டி, அதன் ஆயிலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வடிக்கும்போது இரும்புத் துணுக்குகள் வந்தால் செயினையும் பேரிங்கையும் பாருங்கள். ஸ்பார்க் பிளக் புதிது போடுங்கள். டிராக் (வண்டிக்கு அடியில் சுழலும் ரப்பர் பட்டை) இறுக்கம் கையேட்டில் உள்ளபடி இருக்கட்டும். பனியில்லாத தரையில் ஓட்டிப் பார்க்காதீர்கள், டிராக் உரசி ஓடும் பிளாஸ்டிக் பட்டைகளான ஸ்லைடர்கள் தேயாமல் காப்பது பனிதான்.