அழிக்கச் சொன்னவரும் அனுப்பச் சொன்னவரும்: சேர்வரின் கிராஷ் டம்ப் பற்றி ஒரு பதில்

கேள்வி: ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டக் கம்பனியின் பிராந்திய அலுவலகத்தில் கணினிப் பொறுப்பாளராக இருக்கிறேன். ஐந்து தோட்டங்களின் கொழுந்துக் கணக்கும், தொழிலாளரின் வருகையையும் சம்பளத்தையும் பதியும் செக்ரோலும் ஒரே சேர்வரில் உள்ளன. இரண்டு மாதங்களில் நான்கு தடவை அது இரவில் தானாக நின்று மறுபடி இயங்கியிருக்கிறது. கடைசித் தடவை, சம்பளக் கணக்கு முடிக்கும் வாரத்தில், அதிகாலை 2.10க்கு. சேர்வர் நிறுவனத்தின் கொழும்பு முகவர் கிராஷ் டம்பை, அதாவது சேர்வர் விழுந்தபோது பதிவான தகவல் தொகுப்பை, அனுப்பச் சொல்கிறார். சேர்வரின் மேலாண்மைப் பக்கத்தைத் திறந்தால் டம்ப் வைக்கும் இடம் நிரம்பிவிட்டதாக எச்சரிக்கை தெரிகிறது. பராமரிப்புக்கு வருபவரோ எல்லாவற்றையும் அழித்து ஃபேர்ம்வெயாரை (வன்பொருளுக்குள் பொதிந்திருக்கும் மென்பொருளை) புதுப்பித்துப் பார்ப்போம், சரிவராவிட்டால் மதர்போர்டை மாற்றுவோம் என்கிறார். அழிக்கலாமா? டம்ப் எடுக்கும்போது சேர்வர் நின்றுவிடுமா?

பதில்: அழிக்கத்தான் வேண்டும், ஆனால் இன்றைக்கு அல்ல, பராமரிப்பாளர் கையாலும் அல்ல. மேலாண்மைப் பக்கத்திலிருந்து டம்பைத் தொகுத்துப் பதிவிறக்குவதால் சேர்வர் நிற்காது. பட்டப்பகலில், எல்லோரும் செக்ரோல் பதிந்துகொண்டிருக்கும்போதே எடுக்கலாம். ஒரேயொரு பொத்தானை மட்டும் தொடாதீர்கள். மின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ‘என்எம்ஐ’ என்று ஒன்று இருக்கும். அது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸையோ லினக்ஸையோ வேண்டுமென்றே விழச்செய்து நினைவக டம்ப் எழுதவைப்பதற்கானது. சேர்வர் உறைந்துபோய்க் கிடக்கும்போது அதற்குப் பயன் உண்டு, நன்றாக ஓடும்போது இல்லை.

உங்கள் சேர்வருக்குள் இன்னொரு சிறு கணினி இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதாகிவிடும். பிஎம்சி என்று அழைக்கப்படும் அது, தனக்கென ஒரு செயலியும் நினைவகமும் வலையமைப்பு வயருக்கான துளையும் கொண்டது. டெல்லில் ஐட்ராக் என்றும் எச்பிஇயில் ஐலோ என்றும் லெனோவாவில் எக்ஸ்கிளாரிட்டி கொன்ட்ரோலர் என்றும் பெயர் மாறுமே தவிர வேலை ஒன்றுதான். சேர்வர் அணைக்கப்பட்டிருந்தாலும், வயர் சுவரில் செருகியிருக்கும் வரை அது விழித்திருந்து, வெப்பநிலை, விசிறி, மின்வழங்கி, செயலி ஆகியவற்றில் நடப்பதை எழுதிவைக்கிறது. நீங்கள் பார்த்த மேலாண்மைப் பக்கம் இந்தக் குட்டிக் கணினியுடையது. நிரம்பியிருப்பதும் அதன் சேமிப்பிடம்தான். உங்கள் ஹார்ட் டிஸ்க் அல்ல.

முகவர்கள் டம்ப் என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு பொருட்களைக் கேட்கிறார்கள். எது வேண்டுமென்று அவர்கள் சொல்வதில்லை, தவறானதை அனுப்பினால் மூன்று நாள் கழித்து மறுபடி மின்னஞ்சல் வரும். முதலாவது நிகழ்வுப் பதிவேடு. சேர்வர்களைக் கண்காணிப்பதற்கான ஐபிஎம்ஐ என்னும் பழைய விதிமுறைப்படி அதில் ஒவ்வொரு பதிவும் வெறும் 16 பைட் என்பதால், அது விவரம் சொல்லாது, குறிப்புத்தான் தரும். இரண்டாவது பிஎம்சி தானே திரட்டித் தரும் நோயறி தொகுப்பு. டெல்லில் சப்போர்ட் அசிஸ்ட் கலெக்ஷன் என்றும் எச்பிஇயில் அக்டிவ் ஹெல்த் சிஸ்டம் லொக் என்றும் அது இருக்கும். ஓப்பன்பிஎம்சி என்னும் திறந்த மூல பிஎம்சி மென்பொருள் ஓடும் சேர்வர்களில் டம்ப் என்ற பெயரிலேயே கிடைக்கும். மூன்றாவது, விண்டோஸ் அல்லது லினக்ஸ் விழும் தறுவாயில் தன் நினைவகத்தை டிஸ்க்கில் கொட்டிவைக்கும் பெரிய கோப்பு. உங்கள் சேர்வர் நீலத்திரை எதுவும் காட்டாமல் திடீரென்று நின்றெழுகிறது என்றால் முதலிரண்டையும் அனுப்புங்கள். மூன்றாவது பெரும்பாலும் உருவாகியே இருக்காது. மின்சாரம் சட்டென்று போனால், அல்லது வன்பொருள் இயங்குதளத்துக்கு அவகாசம் கொடுக்காமல் மறுதொடக்கம் செய்துவிட்டால், எழுத அங்கே யார் இருந்தார்கள்?

இப்போது இடம் நிரம்பிய கதைக்கு வருவோம். இங்கே எல்லாச் சேர்வர்களும் ஒரேமாதிரி நடப்பதில்லை. சில, பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை எழுதும். வேறு சில, இடமில்லை என்று புதியதை வாங்கவே மறுத்துவிடும். உங்களுடையது இரண்டாவது வகையாக இருந்தால், பட்டியலில் இருப்பவை முதற்சில விழுகைகளின் டம்ப்களாக இருக்கும், 2.10 மணியின் விழுகைக்கு எதுவுமே இருக்காது. ஆகவே பட்டியலிலுள்ள ஒவ்வொன்றையும் திகதியுடன் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் உங்கள் கணினிக்குப் பதிவிறக்கி, மேலாண்மைப் பக்கம் காட்டும் அளவும் உங்களிடம் வந்து சேர்ந்த கோப்பின் அளவும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். மழை நாட்களில் இணைப்பு அறுந்து பாதிக் கோப்பு மட்டும் இறங்குவதை மலையகத்தில் வேலை செய்பவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பென்ட்ரைவில் இன்னொரு பிரதியும் எடுத்துவையுங்கள். அதற்குப் பிறகு அழியுங்கள். அடுத்த விழுகை வருவதற்குள் இடம் காலியாக இருக்கவேண்டும் என்பதற்காகவே அழிக்கிறோம். அழித்தால் சேர்வர் குணமாகிவிடும் என்பதற்காக அல்ல. புதிய தொகுப்பொன்றைக் கேட்டால் அது உடனே கையில் விழாது. பிஎம்சி அதை ஒரு பணியாக ஏற்றுக்கொண்டு சில நிமிடங்கள் திரட்டும், முடிந்ததும் பதிவிறக்க இணைப்பைக் காட்டும். இடையில் பொறுமையிழந்து மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள்.

திகதியைப் பற்றி ஒரு வார்த்தை. பிஎம்சியின் கடிகாரம் பல இடங்களில் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே. நீங்கள் தேடும் அதிகாலை 2.10, பதிவேட்டில் முந்தைய நாள் இரவு 8.40 என்று இருக்கும். அன்றைய திகதியில் ஒன்றுமில்லையே என்று கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 1970 ஜனவரி என்று காட்டினால் அந்தக் கடிகாரம் நேரத்தையே தொலைத்துவிட்டது. அதேபோல எச்பிஇயின் பதிவைப் பதிவிறக்கும்போது, நீங்கள் மாற்றாவிட்டால், கடைசி ஏழு நாட்கள் மட்டுமே வரும். விழுந்து ஒன்பது நாளாகிவிட்டதென்றால் கோப்பு அழகாக வந்து சேரும், அதற்குள் உங்களுக்கு வேண்டியது இருக்காது.

டம்பை எவரும் திறந்து படிக்கும் முன்பே நீங்கள் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. நம் பக்கத்தில் இதையே முதலில் செய்யவேண்டும் என்பேன். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரமானால் இடிமின்னல், அதோடு மின்வெட்டு, அதோடு பற்றரி மாற்றி எத்தனை வருடமென்று எவருக்கும் தெரியாத யூபிஎஸ். பதிவேட்டில் சேர்வர் நின்ற அதே நேரத்தில் பிஎம்சியும் புதிதாக இயங்கத் தொடங்கியதாகப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பெரும்பாலும் சுவரிலிருந்து வந்த மின்சாரமே போயிருக்கிறது. முதலில் யூபிஎஸ்ஸையும் வயரையும் சோதியுங்கள், அதற்கு முன் மதர்போர்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். பிஎம்சி இடைவிடாது விழித்திருக்க, சேர்வர் மட்டும் விழுந்திருந்தால் கோளாறு பெட்டிக்குள்ளே இருக்கிறது, டம்ப் அப்போதுதான் தேவை. விண்டோஸின் பதிவில் ‘கேர்னல் பவர் 41’ என்ற வரியைக் காட்டி மின்வழங்கி பழுதென்று விலை சொல்பவர்கள் அதிகம். அந்த வரி, கடந்த தடவை ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதை மட்டும் சொல்கிறது. ஏன் என்பதை அது சொல்வதில்லை. பெயரில் பவர் என்று இருப்பது அதன் துரதிர்ஷ்டம், உங்களுடையதும்.

உங்கள் பராமரிப்பாளரை நான் அறியேன், அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது: வந்தவுடன் பதிவேட்டைத் துடைத்து, வயரைக் கழற்றி மாட்டி, ஃபேர்ம்வெயாரைப் புதுப்பித்து, பில் எழுதுவது. இந்த வரிசையில் ஒவ்வொரு படியும் ஒரு சாட்சியத்தைக் கொல்கிறது. செயலி தன் பிழையைக் குறித்துவைக்கும் பதிவகங்கள், மின்சாரத்தைத் துண்டிக்காமல் செய்யும் மறுதொடக்கத்தைத் தாங்கும். வயரைக் கழற்றினால் போய்விடும். புதுப்பிப்பின்போது தொழிற்சாலை நிலைக்கு மீட்டலையும் சேர்த்துக் குறியிட்டால், சேமித்த டம்ப்களுக்கும் அமைப்புகளுக்கும் உத்தரவாதமில்லை. புதுப்பிப்பு தப்பான மருந்து அல்ல, சில கோளாறுகள் அதனாலேயே தீரும். ஆனால் டம்ப் எந்தப் பதிப்பில் உருவானதோ அந்தப் பதிப்பை வைத்தே அதைப் படிக்கமுடியும் என்பதால், பழைய பதிப்பு எண்ணையாவது குறித்துக்கொண்டு செய்யவேண்டும். எனக்கே ஒருமுறை இப்படி நடந்தது. நான் பொறுப்பாயிருந்த ஒரு சேர்வரின் பதிவேட்டை வெளியாள் ஒருவர் துடைத்துவிட்டு, ‘இப்போது எரர் ஒன்றுமே இல்லை பாருங்கள்’ என்று திரையைக் காட்டினார். உண்மைதான், ஒன்றுமே இல்லை. ஆறு கிழமை கழித்து அது மறுபடி விழும்வரை நாங்கள் ஒன்றும் தெரியாமல் காத்திருந்தோம்.

இன்னொன்று: தூரத்திலிருந்தே டம்ப் எடுத்துத் தருகிறேன், ரவுட்டரில் ஒரு வழி திறந்துவிடுங்கள் என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். ஐபிஎம்ஐ 2.0 விதிமுறையிலேயே ஒரு குறை இருக்கிறது. கடவுச்சொல்லின் மறைகுறி வடிவத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் அது கொடுத்துவிடும் என்பது 2013 முதல் ஊரறிந்த விடயம். பிஎம்சி இணையத்தில் தெரியவே கூடாது. அதன் நிர்வாகக் கடவுச்சொல்லையும் எவருக்கும் கொடுக்கவேண்டாம். கோப்பைக் கொடுத்தால் போதும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில்தான் கைதவறுகிறது. சில வேளைகளில் சேர்வர் நன்றாக ஓடும், மேலாண்மைப் பக்கம் மட்டும் திறக்காது. சேமிப்பிடம் நிரம்பிய பிஎம்சிகள் இப்படி மந்தமாவதும் உண்டு. அப்போது பிஎம்சியை மட்டும் தனியாக மறுதொடக்கம் செய்யலாம், உங்கள் செக்ரோலுக்கு ஒன்றும் ஆகாது. இயங்குதளத்திலிருந்து கட்டளை கொடுத்துச் செய்வது பாதுகாப்பானது. அது முடியாவிட்டால் முன்புறத்திலுள்ள அடையாள விளக்குப் பொத்தானை அழுத்திப் பிடிக்கவேண்டும்: டெல்லில் 15 விநாடிக்கு மேல், எச்பிஇயின் அண்மைக்காலப் புரோலயன்ட் சேர்வர்களில் 5 முதல் 9 விநாடி வரை. அந்தப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே பல சேர்வர்களில் மின் பொத்தான் இருக்கிறது. அதைத் தவறுதலாக நான்கைந்து விநாடி பிடித்தால் சேர்வர் முழுதாக அணைந்து, ஐந்து தோட்டத்தின் அன்றைய கொழுந்துக் கணக்கும் அந்தரத்தில் நிற்கும். ஆகவே முதலில் மின் பொத்தானின்மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டுங்கள். பிறகு அடையாளப் பொத்தானை ஒருமுறை இலேசாகத் தட்டி நீல விளக்கு மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் சரியான பொத்தான்தான். அதன் பிறகே பிடித்துக்கொண்டு எண்ணுங்கள். விசிறிகள் சற்று இரையக்கூடும், பயப்படவேண்டாம். சில நிமிடங்களில் பக்கம் திறக்கும். பிஎம்சியின் நினைவகத்தில் மட்டும் இருந்தவை போயிருக்கும், மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் சேமிப்பில் எழுதப்பட்டவை மிஞ்சியிருக்கும். இதிலும் எழாவிட்டால் சம்பளக் கணக்கு முடிந்த பின்னர், சேர்வரை முறைப்படி அணைத்து, எல்லா மின் வயர்களையும் கழற்றி, ஒரு நிமிடம் விட்டு மாட்டுங்கள். மற்றபடி, புகை எழுந்தாலோ தண்ணீர் புகுந்தாலோ மட்டுமே வயரைப் பிடுங்கலாம்.

கோப்பை அனுப்பும்போது, மின்னஞ்சல்கள் பெரும்பாலும் 25 மெகாபைட்டுக்கு மேல் ஏற்பதில்லை. முகவரிடம் பதிவேற்ற இணைப்பைக் கேளுங்கள். திரையைக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது டம்ப் ஆகாது. நினைவக டம்ப் ஏதாவது கிடைத்திருந்தால் அதை முகவரின் நேரடி வழியில், கம்பனியின் எழுத்து அனுமதியுடன் மட்டும் அனுப்புங்கள். அதற்குள் தொழிலாளர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊழியர் சேமலாப நிதி இலக்கம், வங்கிக் கணக்கு எல்லாம் வாசிக்கக்கூடியவாறு கிடக்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது, இடைத்தரகரின் பென்ட்ரைவ் அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை.

முகவரின் படிவத்தில் பழுதான பாகத்தின் பெயரைக் கட்டாயம் நிரப்பச் சொல்வார்கள். பாகத்தின் பெயர் தெரிந்திருந்தால் டம்ப் எதற்கு என்று கேட்கத் தோன்றும். கேட்டுப் பயனில்லை, ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதுங்கள். தலைமை அலுவலகமும் தன் பங்குக்கு, காரணம் தெரியுமுன்பே மதர்போர்டுக்கு மூன்று விலைமனு கேட்கும். விலைமனு தருபவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: பதிவேட்டின் எந்த வரி, எந்தத் திகதி, எந்த நேரம் மதர்போர்டைக் குற்றஞ்சாட்டுகிறது? காட்டினால் அந்த வரியையும் விலைமனுவோடு இணைத்து மேலே அனுப்புங்கள். காட்டாவிட்டால், இடம் காலியாக்கப்பட்ட பிஎம்சி அடுத்த விழுகையைப் பதிந்து தரும்வரை, வாரம் ஒருமுறை பட்டியலைப் பார்த்தபடி, யூபிஎஸ் பற்றரியை மாற்றிவிட்டுக் காத்திருங்கள்.